முகத்துக்கு ரெண்டு கோட்

ஆம்பளைக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசை, வீட்டில் விசேஷம் வந்தால்தான் வரும். வருஷம் முழுக்க ஒழுங்காகத் தண்ணீர் குடிக்க மாட்டான், நேரத்துக்குத் தூங்க மாட்டான், துணி துவைத்து மிஞ்சிய சோப்பை முகத்துக்குத் தேய்ப்பான். விசேஷத்துக்கு முந்தின நாள் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட வேண்டும் என்று துடிப்பான். முட்டாள் பயல். என்னைத்தான் சொல்கிறேன். (உங்களுக்கும் பொருந்தினால் அதற்கு நான் பொறுப்பில்லை.)

எனக்கு அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி எல்லாம் செய்வேன். நெருப்புக்கு முன்னால் நின்று நின்று என் முகம் திருப்பிப் போட மறந்து சுட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் சுருங்கிக் கிடந்தது. அதில் பார்க்கும்படி இருந்த ஒரே சாமான் மீசை. மேலூரில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி முத்துமாரியின் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. நான் போனால் மடியில் ஏறி, மீசையின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு பைக் ஓட்டுவாள். பிரேக் பிடித்தால்தான் வலிக்கும்.

அவளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தங்கச்சிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். நான் உட்காராவிட்டால் அடுத்த ஆள் என் சித்தப்பா மகன் குமரேசன். அவனுக்கும் பெரிய மீசை. அன்றைக்குப் பட்டு வேட்டி கட்டி, முதல் வரிசையில் இடம் பிடித்துத் தயாராக உட்கார்ந்திருந்தான். அவன் எதற்குப் பட்டு வேட்டி கட்டினான் என்று இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கதை பேனரில்தான் தொடங்கியது. மண்டப வாசலில் வைக்கப் பத்தடி உயரத்தில் ஒன்று அடிக்கக் கொடுத்தேன். 'அன்புத் தாய்மாமன்' என்று போட்டு, கும்பிட்டபடி நான். வில்லாபுரத்துக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் என் முகத்துக்குச் சுண்ணாம்பே அடித்துவிட்டார்.

"என்னண்ணே, இம்புட்டு வெள்ளையா இருக்கேன்?"

"லைட்டா டச் பண்ணேன்ப்பா. ஒரிஜினலப் போட்டா ராத்திரில சட்டை மட்டுந்தான் தெரியும்."

வீட்டில் விரித்துக் காட்டினேன். என் மனைவி செல்வி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு. யாருங்க இது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாந்தான்டி."

"அப்ப நாளைக்கு இவரு மடியில உக்காரட்டும். நீங்க பின்னாடி தட்டத் தூக்கிட்டு வாங்க." அதோடு விட்டாளா? "மொகத்தக் கழுவுங்க, தண்ணியக் குடிங்க, வெயில்ல போறப்ப க்ரீம் தடவுங்க, நேரத்துக்குப் படுங்கன்னு எத்தன மாசமாச் சொல்றேன். ஆம்பளைக்கு எதுக்குடி அதெல்லாம்னீங்க."

நியாயம்தான். ஆனால் நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நேராக ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய், ஆம்பளை முகத்துக்கு என்று எழுதியிருந்த ஒரு கறுப்புப் பசையை வாங்கினேன். தடவிக் காயவைத்து உரித்தால் பளிச்சென்று ஆகிவிடுமாம். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ நிறைய இருந்தது. பெயிண்ட் டப்பாவிலேயே நான் எதையும் படித்தவன் கிடையாது.

மத்தியானம் பட்டறையில் வேலையை ஆரம்பித்தேன். கேட்டுக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். முதலில் துருவை எடுக்க வேண்டும். பீர்க்கங்கூட்டை வைத்து முகத்தைத் தேய்த்தேன். அடுத்தது ப்ரைமர், அதாவது அந்தக் கறுப்புப் பசை. ஒரு கோட் அடித்து ஏமாற்றும் பழக்கம் என் பட்டறையில் கிடையாது. இரண்டு கோட், அதுவும் கெட்டியாக. மூலை முடுக்கை விட்டால் அங்கேதான் துரு ஏறும் என்பதால் மீசை, புருவம் எதையும் விடவில்லை. பிறகு பெரிய ஃபேனைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

காய்ந்தது. நன்றாகவே காய்ந்தது. வாயைத் திறக்க முடியவில்லை.

இழுத்துப் பார்த்தேன். பசை வரவில்லை, உயிர்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒருத்தர் உள்ளே வந்து, "அண்ணே, நம்ம கேட்டு ரெடியா?" என்று கேட்டார். திரும்பினேன். "பரவால்லண்ணே, மெதுவாச் செய்ங்க" என்று சொல்லிப் போனவர்தான். அந்தக் கேட் இன்னும் பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடினேன். செல்வி தேங்காய் எண்ணெய் ஊற்றினாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கன்னம் எப்படியோ உரிந்தது. இடது புருவமும் கூடவே வந்துவிட்டது. மீசை மட்டும் தார் ரோட்டில் மாட்டின செருப்பு மாதிரி நின்றது.

"மூஞ்சி என்ன கேட்டா? ரெண்டு கோட் அடிச்சிருக்கீங்க?" என்றபடி கத்தரிக்கோலை எடுத்தாள்.

மறுநாள் காலை, மீசை இல்லாமல், ஒற்றைப் புருவத்தோடு, வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலூர் மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேளக்காரர் என்னைப் பார்த்து ஒரு அடி தவறவிட்டார். மணையில் உட்கார்ந்தேன். காது குத்தும் ஆசாரி ஊசியோடு தயார். முத்துமாரி பிள்ளையைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள்.

யாழினி என் முகத்தைப் பார்த்தாள். மேல் உதட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு அலறினாள் பாருங்கள், பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"இது மாமா இல்ல. மாமா வெளிய நிக்கிது."

கையை வாசலுக்கு நீட்டினாள். அங்கே பேனரில் நான் வெள்ளையாக, மீசையோடு, கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மிட்டாய் காட்டினோம். பாட்டுப் பாடினேன். (அது தப்பு. இன்னும் பயந்துவிட்டாள்.) நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி வாட்சைப் பார்த்தார். குமரேசன் எழுந்து வேட்டியைச் சரிசெய்தான்.

"பிள்ள அழுகுதுல்லண்ணே. நானும் மாமன்தான. செத்த நேரம் நான் உக்காரவா?"

"உக்காந்து பாரு. மணையோட சேத்து வெல்டு வச்சுருவேன்" என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் அழுகை முட்டியது. அவள் பிறந்த அன்றிலிருந்து இந்த மடிக்காகத்தான் காத்திருந்தேன். ஒரு டியூப் பசையில் போகப்போகிறது.

முத்துமாரி என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். சட்டென்று தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்தப் பேனர எறக்கி எங்கண்ணன் தலைய மட்டும் வெட்டிட்டு வாங்க."

இப்படி ஒரு உத்தரவுக்காக அவர் பல வருஷம் காத்திருந்தவர் போல ஓடினார். வெட்டிய தலை முறம் அகலத்துக்கு இருந்தது. அதை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். ஒரே நொடியில் அழுகை நின்றது. யாழினி தானாக ஏறி மடியில் உட்கார்ந்து, பேனர் மீசையில் கையை வைத்து "டுர்ர்" என்றாள். அந்த டுர்ருக்குள் ஒரு காது முடிந்தது. அடுத்த காதுக்கு வீறிட்டு, பேனர் கன்னத்திலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். பின்னால் பெயிண்ட் வாடையில், வியர்வையில், நானும் அழுதேன். யாருக்கும் தெரியாது.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர். நான்தான் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தேனே, முறம் அகலத்துக்கு.

மீதிப் பேனரை மச்சான் மறுபடியும் வாசலில் கட்டிவிட்டார். சாப்பிட வந்தவர்களை எல்லாம் தலையில்லாத தாய்மாமன் கும்பிட்டு வரவேற்றான்.

மீசை முளைத்துவிட்டது, புருவமும் பாதிக்கு மேல் தேறிவிட்டது. இப்போது தினமும் பட்டறையை விட்டுக் கிளம்பும்போது நல்ல சோப்பில் முகம் கழுவுகிறேன். வெயிலுக்கு க்ரீம் தடவுகிறேன், ஒரே கோட். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. நேரத்துக்குப் படுக்கிறேன். செல்வி சொன்னது அவ்வளவுதான், அதில் உரிக்கிற வேலையே கிடையாது.

ஆனால் எங்கள் குடும்பம் ஒன்றையும் மறக்கிற குடும்பம் இல்லை. போன வாரம் முத்துமாரி போன் செய்தாள். யாழினிக்கு அடுத்துப் பிறந்த பயலுக்குக் காதுகுத்தாம். நான் பொறுப்பாக, "என்னத்தா கொண்டு வரணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாண்ணே. மூஞ்சி பீரோவுல பத்திரமா இருக்கு. நீ மடிய மட்டும் கொண்டுட்டு வா."