பெல்ட் நன்றாக இருக்கிறது, அதுதான் கவலை

மில்லர்புரம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான பெரிய மச்சான் நேசக்குமார் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜெயபாயின் வீட்டுக்காரன் சுந்தர்சிங் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நாகர்கோவிலில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். இங்கே நான், ஜெயபாய், வாசலில் நிற்கிற பழைய சிவப்பு கார் ஆகிய மூவரும் நல்ல சுகம். கார் இவ்வளவு சுகமாக இருப்பதுதான் இந்தக் கடிதம் எழுதக் காரணம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் பேசினால் அடுப்படியில் நிற்கிற உங்கள் தங்கைக்குக் கேட்டுவிடும், வாட்ஸப்பில் அனுப்பினால் எனக்கு முன்னால் அவள்தான் படிப்பாள், ஆகவே தபாலை நம்பியிருக்கிறேன். விஷயம் இதுதான். உங்கள் தங்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வளையல் வாங்குவாள் என்று பார்த்தால், டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கினாள். பிறகு காயல்பட்டினத்தில் துபாய்க்காரர் ஒருவர் சந்துக்குள் உறை போட்டு மூடி வைத்திருந்த இந்தக் காரை வாங்கினாள். அதோடு நின்றாளா? வருகிற சனிக்கிழமை நாசரேத் கோயில் அசன விருந்துக்கு நாம் இருவரும் இந்தக் காரில்தான் போகிறோம், நான்தான் ஓட்டுகிறேன் என்று ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில் அறிவித்துவிட்டாள். எனக்கு சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் பறக்கிற ரோட்டில் உங்கள் தங்கை பக்கத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், போய் இறங்கினால் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்த பழைய மாணவர்கள் இலை போட்டு உட்கார்ந்து என்னைப் பார்க்க வேண்டும். பயமா வெட்கமா என்று கேட்டால், இரண்டும்தான் மச்சான். ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது? அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

அப்போதுதான் யூடியூபில் டைமிங் பெல்ட் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தேன். இன்ஜினுக்குள் ஒரு பல் வைத்த ரப்பர் பெல்ட் ஓடுகிறதாம். வண்டி ஓடாமல் சும்மா நின்றாலும் வயசானால் அதில் வெடிப்பு விழுமாம், அறுந்தால் அந்த நிமிஷமே இன்ஜின் காலியாம். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! விற்றவர், "போன வருசம்தான் மாத்துனேன் காக்கா, ரசீது எங்கயோ கெடக்கு" என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொல்லியிருந்தார். ரசீது இல்லாத பெல்ட்டை நம்பி நாசரேத் போகலாமா என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். உங்கள் தங்கை ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொல்லுறது நியாயம்தான். பாத்துருவோம். நல்லா இருந்தா அப்படியே போவோம், கெட்டுப்போயிருந்தா மாத்திட்டுப் போவோம். போறது என்னவோ நிச்சயம்."

முதலில் எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப் செந்தில்முருகன். அவன் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெடிப்பு இல்ல, பல்லு ஒண்ணும் போகல, ஆயில் படல. புதுசு கணக்கா இருக்கு சார்" என்றான். இன்னொரு தரம் பார் என்றேன், பார்த்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு நானே தலையை உள்ளே விட்டேன், மூக்கில் கிரீஸ் ஒட்டியதுதான் மிச்சம். மூன்றாம் தரம் பார்க்கச் சொன்னதும் அவன் டார்ச்சை அணைத்துவிட்டு, "சார், உங்களுக்கு பெல்ட் நல்லா இருக்கணுமா, கெட்டுப்போயிருக்கணுமா? அத மொதல்ல சொல்லுங்க" என்றான். உங்கள் தங்கை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

சரி, பெரிய இன்ஜின் பார்க்கிறவனிடம் காட்டுவோம் என்று திரேஸ்புரத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை செய்கிற முத்துச்செல்வத்திடம் போனோம். போனோம் என்றால், காரை அவள் ஓட்டிக்கொண்டு போனாள், நான் பின்னால் சைக்கிளில் போனேன். நான் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவள் மீன்காரப் பெண்களோடு அரட்டையடித்துக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வம் ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டான். மூடியையும் கழற்றிப் பார்த்தான். "அண்ணாச்சி, இந்த இன்ஜின எனக்குத் தந்திருங்க. வள்ளத்துல மாட்டி தீவு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றான். சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "கேக்குது. ஆனா அது இன்ஜின்ல இல்ல, உங்க நெஞ்சுலல்லா கேக்குது" என்று சொல்லி ஒரு சீலா மீனை வேறு கொடுத்தனுப்பினான். அன்று ராத்திரி குழம்பு பிரமாதம். பாதிச் சாப்பாட்டில்தான் எனக்கு உறைத்தது, பெல்ட்டைப் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லி ஊரெல்லாம் அவளை வண்டி ஓட்டிப் பழக வைத்தது நான்தான்.

கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. வண்டி வாங்கினால் சபைப் போதகர் ஐயரை அழைத்து ஜெபம் பண்ணாமல் வெளியூர் எடுத்துப் போகிற வழக்கம் நம் சபையில் கிடையாதே! இந்த வாரம் ஐயருக்கு மூன்று கல்யாணம், ஒரு கன்வென்ஷன். எப்படியும் அடுத்த வாரம்தான் வருவார், அதற்குள் அசனம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு அவருக்குச் சொல்லி அனுப்பினேன். ஐயர் நேற்று சாயங்காலமே ஐயரம்மாவோடு ஸ்கூட்டரில் வந்து நிற்கிறார்! நான் அவரைத் தனியே கூப்பிட்டு, டைமிங் பெல்ட்டையும் ஜெபத்தில் மறக்காமல் சொல்லுங்கள், கேட்டால் அவளுக்கே பயம் வரும் என்று காதில் ஓதினேன். ஐயர் தலையாட்டினார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் காரைச் சுற்றி நின்று கண்ணை மூடினோம். டயருக்கு, பிரேக்குக்கு, கிளச்சுக்கு எல்லாம் ஜெபித்துவிட்டு ஐயர் சொன்னார்: "ஆண்டவரே, இந்த டைமிங் பெல்ட்டை ஆராய்ந்து பார்க்க உமது தாசன் சுந்தர்சிங் பட்ட பாடுகளை நீர் அறிவீர். சனிக்கிழமையன்று உமது அடியாள் ஜெயபாய் இந்த வாகனத்தை நாசரேத்துக்கு ஓட்டிச் செல்கையில், அருகே உட்காரப்போகிற அவள் புருஷனுக்குத் திடன்கொண்ட இருதயத்தைத் தந்தருளும், ஆமென்." எல்லோரும் ஆமென் என்றார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது யார் தெரியுமா? நான்தான். என் வாய்க்குப் பிறந்ததிலிருந்து அது பழக்கம் மச்சான், ஐயர் நிறுத்தினால் அது தானாகச் சொல்லிவிடும். கண்ணைத் திறந்தால் தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

சொன்ன ஆமெனை வாபஸ் வாங்க வழி உண்டா? நீங்கள் சர்ச்சின் சேகரக் கமிட்டியில் இருந்தவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லையென்றால் மூத்த அண்ணனாக அவளுக்கு ஒரு போன் போட்டு, எனக்கு மூட்டு வலி, உடனே பஸ் பிடித்து வா என்று சொல்லுங்கள். உங்கள் மூட்டு நன்றாக இருந்தாலும் சொல்லுங்கள். உங்களையே நம்பியிருக்கிறேன். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டாரையும், முக்கியமாக என்னையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
சுந்தர்சிங்.

பின்குறிப்பு: இதை எழுதுவது சனிக்கிழமை சாயங்காலம், நாசரேத்திலிருந்து. தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வந்துவிட்டது. மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், போனும் போட வேண்டாம். கிழித்துப் போட நினைத்தேன், இவ்வளவு எழுதிவிட்டு மனசு வரவில்லை. மச்சான், உப்பளம் தாண்டும் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து பார்த்தால் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறாள், லாரிக்காரனுக்கு வழிவிட்டு அவனுக்குக் கையும் காட்டுகிறாள். ஏரல் பாலத்தில் ஏறும்போது, "பயமா இருக்கா?" என்று கேட்டாள். "இல்லளா, நல்லா இருக்கு" என்றேன். பொய்யில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே இறங்கியதும் என் பழைய மாணவன் ஒருவன், "சார், டிரைவர் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டான். "டிரைவர் என் வீட்டம்மாதாம்ல, மொதல்ல அவளுக்கு இலை போடு" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். புதன்கிழமை இதே காரில் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறோம். ஒரே ஒரு சின்ன விஷயம். லைசென்ஸ் வாங்கிய அன்று வந்த ரிவர்ஸ் அவளுக்கு அதன்பிறகு வரவில்லை. இங்கேயே பந்தியிலிருந்து எழுந்தவர்கள்தான் கை கழுவிவிட்டு வந்து வண்டியைப் பின்னால் தள்ளித் திருப்பி நிறுத்தினார்கள். ஆகவே, புதன்கிழமைக்குள் உங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரில் ஒரு கேட் வைக்க முடியுமா என்று பாருங்கள்.