பெரிய முட்டையும் ஒரு கடப்பாரையும்

பெரியதாக எதைக் கண்டாலும் என் கை தானாக நீண்டுவிடும். பந்தியில் பெரிய வடை, சந்தையில் பெரிய பூசணி. இந்தப் புத்தியால் ஒருமுறை என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

ஐம்பதுகளில் அச்சரப்பாக்கத்தில் என் தாய்மாமன் வான்கோழி வளர்த்தார். கிறிஸ்துமஸ் வந்தால் மகாபலிபுரத்துக் கடற்கரை பங்களாக்களுக்கு அவர் வீட்டுக் கோழிதான் போகும். அவர் மகள் எஸ்தரைக் கேட்டுப் போய் நின்றேன். (நின்றேன் என்பது பேச்சுக்கு. என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியாது.)

"ஆறடி வளந்தும் ஒரு எடத்துல குந்தத் தெரியல. உனக்கு இன்னாத்துக்குடா பொண்ணு?" என்றார் மாமா. "ஒரு அடை வெச்சுக் காட்டு. ஒரு குஞ்சாவது பொரியட்டும், அப்பால பேசலாம்."

வான்கோழி முட்டையை நாட்டுக்கோழியிடம் அடைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமாவிடம் இருந்த கிழட்டு வான்கோழி குண்டு குண்டாக முட்டையிடும். அவற்றையே பொறுக்கினேன். பெரிய முட்டை, பெரிய குஞ்சு, பெரிய மரியாதை!

"அத்த எடுக்காத மாமா," என்று என்னைத் தடுத்தாள் எஸ்தர். "வயசான கோழி முட்ட சரியா பொரியாது. விடலக் கோழிதும் வேணா, ரொம்பச் சிறுசு. நடு வயசுக் கோழிது எடு."

நான் கேட்டால்தானே!

அந்தக் குண்டு முட்டைகளை மூட முடியாமல் நாட்டுக்கோழி இப்படியும் அப்படியும் நகர்ந்து தவித்தது. நான் அதைவிடத் தவித்தேன். நிமிஷத்துக்கு ஒருதரம் கோழியைத் தூக்கி, முட்டையைக் காதில் வைத்துப் பார்ப்பேன்.

"இன்னாடா, இட்லிப் பானை மாதிரி தொறந்து தொறந்து பாத்துகினு கீற?" என்று மாமா கத்துவார்.

இடியில் முட்டை கெடாமலிருக்க அடைக்கூடையில் ஓர் இரும்பாணி போடுவார்கள். வானம் கறுத்தபோது எனக்கு ஆணி போதவில்லை. அரிவாளைச் செருகினேன். இடி இன்னும் பலமாக இடித்தது. கடப்பாரையைக் கொண்டுவந்து சாத்தினேன். அது சரிந்து விழ, கோழி அலறிக்கொண்டு கூரை ஏறிவிட்டது. அதை இறக்குவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எஸ்தரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களே என்ற பயம்தான்.

நாள் வந்தது. என் முட்டைகள் அத்தனையும் கூமுட்டை. ஆனால் நடுவில் ஒரே ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது! மாமா அதன் முட்டையோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நடு வயசுக் கோழி முட்டையாச்சே. யாரு வெச்சது?"

எஸ்தர் கூரையைப் பார்த்தாள். மாமா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, கல்யாணத்துக்குப் பாதிரியாராண்ட சொல்றேன்," என்றார்.

போன மாதம் பேத்திக்கு வரன் பார்த்தோம். பையன் நல்ல உயரம் என்று எல்லோரும் மெச்சினார்கள். எஸ்தர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பெருசா கீதேன்னு எடுத்துடாதீங்க. நான் அப்டித்தான் ஒண்ணு எடுத்தேன். இன்னும் அடை காத்துகினு கீறேன்."