சம்பந்தியைச் செவ்வாய் ஆக்கினேன்

மதிப்புக்குரிய மைத்துனர் டாமோன் அவர்களின் சமுகத்துக்கு, அலெக்சாந்திரியாவிலிருந்து தங்கள் தங்கை கணவன் திமாசியோன் தலைகுனிந்து எழுதிக்கொண்டது.

தாங்கள் நலமாக இருந்தால் நல்லது, நானும் நலமே என்று தொடங்குவதுதான் முறை. முதல் பாதியை மனதார எழுதுகிறேன், இரண்டாம் பாதிக்குக் கை வரவில்லை. தாங்கள் ரோட்ஸிலிருந்து வந்து அலைந்து திரிந்து என் மகள் மிர்ட்டோவுக்குப் பேசி முடித்த சம்பந்தத்தை நான் ஒரே விருந்தில் கெடுத்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நடந்தது இதுதான். மாப்பிள்ளையின் அப்பா, கருவாட்டு வியாபாரி மெலாந்தோஸ், கைகொடுத்து வாக்குச் சொல்ல வந்தார். ஈல் மீன் வறுவல், எள் பலகாரம், தாசோஸ் தீவு மது, குழலூதும் பெண் என்று எதிலும் குறை வைக்கவில்லை. மனுஷர் சாய்வுக்கட்டிலில் சாய்ந்தார், இரண்டு கிண்ணம் குடித்தார், பிறகு மெல்ல இழுத்தார். "எல்லாம் சரிதான் திமாசியோன், ஆனா செவ்வாய் இப்ப பின்னால போகுதாமே? இந்த நேரத்துல வாக்குக் குடுக்கலாமா?" மைத்துனரே, அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் இன்னொரு துண்டு ஈல் எடுத்து வைத்திருப்பான். நான் தங்கள் வீட்டில் தங்கி ஒரு மாதம் கோள் பாடம் கேட்டவன் ஆயிற்றே, வாய் சும்மா இருக்குமா? "அது பின்னால போகலீங்க, போற மாதிரி தெரியுது, அவ்வளவுதான். கோள் ஒரு சின்ன வட்டத்துல சுத்துது, அந்தச் சின்ன வட்டம் ஒரு பெரிய வட்டத்துல சுத்துது. எழுந்திரிங்க, காட்டறேன்" என்றேன்.

கணப்படுப்புப் பக்கத்தில் குழலூதும் பெண்ணை உட்காரவைத்து அவள்தான் பூமி என்றேன். கூலிக்கு வந்த சமையற்காரனை அடுப்பைச் சுற்றி வலப்பக்கமாக மெதுவாக நடக்கச் சொன்னேன். தட்டைக் கீழே வைக்கமாட்டேன் என்று சொல்லி, ஈல் தட்டோடுதான் நடந்தான். அவன் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு மெலாந்தோஸ் அவனைச் சுற்றி ஓட வேண்டும், அவர்தான் செவ்வாய். அவர் தொப்பையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். இருந்தும் ஓடினார், பாவம். அந்தப் பெண்ணும் குழலைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமாகக் கத்தினாள்: "முன்னால போறாரு... முன்னால போறாரு... ஐயோ, நின்னுட்டாரு! பின்னால போறாரு!" எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா!" என்று கைதட்டினேன். அடுத்த நொடி அவர் கால் மதுத்தொட்டியில் இடித்து, தொட்டி கவிழ்ந்து, சமையற்காரன் சறுக்கி, சம்பந்தி ஈல் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் சிரித்து மழுப்பியிருக்கலாம். உட்கார்ந்தபடியே அவர் முகம் வெளுத்தது. "யோவ், விருந்துல மதுக்கிண்ணம்கூட வலப்பக்கமாத்தான் சுத்தும். வாக்குக் குடுக்க வந்த என்னை அடுப்படியில இடப்பக்கமா நடக்க வெச்சுட்டியே!" நான் அப்போதும் அடங்கவில்லை. "நடக்கலீங்க, நடந்த மாதிரி தெரிஞ்சுது" என்றேன். "தெரிஞ்சுதா? கால் என்னுது! எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்குத் தெரியாதா?" என்று எழுந்து, பின்புறம் எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியேறினார். அபசகுனத்தோடு யார் பெண் எடுப்பார்கள்?

தங்கள் தங்கை பிலின்னா என்னோடு பேசுவதில்லை. அது பழகிவிடும். மிர்ட்டோ கல்யாணத்துக்கென்று தானே நெய்த குங்குமப்பூ நிற முக்காட்டோடு திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அழவில்லை. "அவர் கேட்டதுக்குத் தெரியலன்னு சொல்லியிருக்கலாமேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு முக்காட்டை மடித்து உள்ளே வைத்தாள். அன்றிலிருந்து அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆகையால் தாங்கள் மெலாந்தோஸுக்கு எழுதி, பெண்ணின் அப்பன் முட்டாளே தவிரப் பெண் தங்கம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். தங்கள் வீட்டுப் பரணில் நான் விட்டுவந்த, கோள்களின் சுற்றைக் காட்டும் வெண்கல வளைய யந்திரத்தை இன்றே உருக்கி அண்டாவாக அடித்துவிடுங்கள். இனி இந்த வாயால் கோள் என்ற சொல்லே வராது. தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்கள் அத்திமரங்கள் காய்த்துக் குலுங்கட்டும், உடம்பைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பின்குறிப்பு: காற்று வராமல் கடிதம் ஏறவேண்டிய கப்பல் துறையிலேயே நிற்பதால் இதையும் சேர்க்கிறேன். காலையில் மெலாந்தோஸ் வந்து நின்றார். "என்னைப் பின்னால போகவிட்டுட்டுப் பாதியில நிறுத்திட்டியேய்யா! செவ்வாய் அப்பிடியேவா நிக்குது? மறுபடி முன்னால வருதில்ல? மிச்சத்தையும் சுத்தினாத்தான் சகுனம் சரியாகும்" என்றார். நான் மதுத்தொட்டியை ஓரமாக நகர்த்தினேன். மிர்ட்டோ அந்த முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "என் கச்சையைப் பிடிச்சுக்குங்க மாமா" என்று அடுப்பைச் சுற்றி நடந்தாள். அவர் பின்னால் போனார், நின்றார், முன்னால் வந்தார். வந்த வேகத்திலேயே என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு மூச்சிரைக்க, "சரி, அந்தச் சின்ன வட்டம் ஏன்தான் இருக்கு?" என்று கேட்டார். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மிர்ட்டோவைப் பார்த்தேன். "தெரியல சம்பந்தி" என்றேன். அவள் சிரித்தாள்.

யந்திரத்தை உருக்க வேண்டாம், கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். வியாழனாகவும் சனியாகவும் ஓடிப் பார்க்காமல் சம்பந்தி வீட்டுக்குப் போகமாட்டாராம்.