தேதி சொல்லாமல் வரும் நோய்

“ஓடி ஆடுற குழந்தைக்கு மாத்திரை குடுத்தா, அப்பனுக்கு இருக்கிற டிபி பொண்ணுக்கும் ஒட்டிக்கிச்சின்னு ஊரே பேசும். நாளைக்கு இவளை யாரு அக்கா கட்டிக்குவான்?”

‘இவள்’ என்பது இனியா. வயது மூன்று. கல்யாணக் கவலையில் இருப்பவள் அவள் அம்மா, என் ஓரகத்தி வள்ளி. என் கொழுந்தன் முருகவேல் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். குழந்தையைப் பரிசோதித்த டாக்டர், “இப்ப நோய் இல்ல. ஒரே வீட்டுல இருக்கிறதால, வராம இருக்க மாத்திரை குடுத்தாகணும்” என்று சொல்லிவிட்டார்.

“மாத்திரை போடலைன்னா மட்டும் வாசல்ல மாப்பிள்ளை வரிசை கட்டி நிக்கிறானா? கிளம்புடி” என்றேன்.

வேங்கிக்காலில் இருக்கிறது வருமுன் காப்புப் பிரிவு. அதன் அலுவலர் கோதண்டராமன் முதலில் இருமினார். பிறகு விசாரித்தார்.

“குழந்தைக்கு நோய் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப மருந்து எதுக்கு?”

“வராம இருக்க.”

“எப்ப வரும்?”

“அது யாருக்கு சார் தெரியும்?”

“பாத்தீங்களா! வருமுன் தரணும்னு எங்களுக்கு உத்தரவு. வர்ற தேதி தெரிஞ்சாதானே இது முன்னாலயா பின்னாலயான்னு முடிவு பண்ண முடியும்?”

நான் கான்வென்டில் படித்தவள். பதில் தெரியவில்லை என்றால் சிஸ்டர் முட்டி போட வைப்பார். இங்கே அதற்குப் பதவி உயர்வு போலிருக்கிறது.

“தேதி தெரியலைன்னா?”

“வந்ததும் வாங்கம்மா. அங்கேர்ந்து பின்னால எண்ணி, எப்ப தந்திருக்கணும்னு கரெக்டா சொல்லிடுவோம்.”

அவருக்குப் பின்னாலேயே மாத்திரைப் பெட்டி. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, ரோஸ் ரிப்பன்.

“அதானே சார் மாத்திரை?”

“வெள்ளிக்கிழமை விழா. சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டாம திறக்கக் கூடாது.”

“அதுக்குள்ள குழந்தைக்கு வந்துட்டா?”

“தேதி தெரிஞ்சிடுமே!” என்றார் மலர்ந்த முகத்தோடு.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் நுரையீரல் வடிவத்தில் செல்ஃபி சட்டம். எங்கள் தெரு சரோஜா இடது நுரையீரலுக்குள் தலையை நுழைத்து, உதட்டைக் குவித்துப் படம் எடுத்துக்கொண்டாள். ஏசி வீணாகக் கூடாதென்று உள்ளே ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். மண்டபமே இருமியது. ஒருவருக்குக் கிரிவலத் தூசி, ஒருவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, மற்றவர்களுக்கெல்லாம் அலர்ஜி.

ரிப்பன் வெட்டப்பட்டது. கோதண்டராமன் மைக்கில் இருமினார். “காசநோயாளி உள்ள வீட்டார் மேடைக்கு வந்து, பலத்த கரவொலிக்கிடையே தங்கள் குழந்தைக்கான மாத்திரையைப் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்!”

யாரும் எழவில்லை. நான் ஏன் எழவில்லை என்று கேட்காதீர்கள். பக்கத்தில் சரோஜா உட்கார்ந்திருந்தாள்.

“நம் ஊரில் காசநோயே இல்லை என்பது இதன்மூலம் நிரூபணமாகிறது” என்று சொல்லிக்கொண்டே அவர் பெட்டியை மூடப்போனார்.

வள்ளி விருட்டென்று எழுந்தாள், இடுப்பில் குழந்தையோடு. “டிபிதான். என் வீட்டுக்காரருக்கு. மூடாதீங்க, குடுங்க.”

சரோஜா என் பக்கம் திரும்பினாள். “உங்க கொழுந்தனுக்கு அலர்ஜின்னு சொன்னீங்களே?”

“சொன்னேன்” என்று எழுந்து, வள்ளி பின்னாலேயே நானும் மேடைக்குப் போனேன்.

மாத்திரை கைக்கு வந்தது. போட்டோவுக்காகக் கோதண்டராமன் குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார். இருமல் முந்திக்கொண்டது. நான் நடுவில் புகுந்தேன்.

“எத்தனை நாளா சார் இந்த இருமல்?”

“ரெண்டு மாசமா. அலர்ஜி.”

“வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?”

“பேரன் ஆதவன். என் மடியை விட்டு எறங்க மாட்டான்.”

மேசையில் சளிப் பரிசோதனை டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கி, மேலே ஒரு ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். பூவை எடுத்து வைத்துவிட்டு ஒரு டப்பாவை அவரிடம் நீட்டினேன். மைக் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆதவனுக்காக, இதுல கொஞ்சம் சளி துப்பிக் குடுங்க சார்.”

அவர் கூட்டத்தைப் பார்த்தார். அதுவரை இருமிக்கொண்டிருந்த மண்டபம் மொத்தமும் அந்த நொடியே பூரண குணமடைந்தது.

“டப்பா நிறைய இருக்கு” என்றேன். “வேணுங்கிறவங்க கை தூக்குங்க.”