மூன்றாவது மறுப்பு

மாவீரர் மங் தாச்சியைப் போலப் பதவி ஆசையே இல்லாத ஒரு தலைவரை சீனத்து ஹுவாய் நதிக்கரை கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. கள்ள உப்பு கடத்திப் பிழைத்தவர், உப்பு வரியை ஒழிப்பேன் என்று வாளெடுத்தார். கோட்டையைப் பிடித்த மறுநாளே பேரரசர் மட்டுமே உடுத்தும் மஞ்சள் அங்கி தைக்க ஆள் தேடினார். அதுவும் மக்களுக்காகத்தான். தைத்து முடிக்க ஒரு மாதம் பிடித்தது.

ஆனால் அரியணையில் சட்டென்று உட்கார்ந்துவிட முடியுமா? முறை என்று ஒன்று இருக்கிறது. மக்கள் கெஞ்ச வேண்டும்; தலைவர் மூன்று முறை 'மறுக்க' வேண்டும்; அதற்கு மேலும் கெஞ்சினால் கண்ணீரோடு இணங்க வேண்டும். அரசுத் தேர்வில் தவறாமல் தோற்றுவந்த லூ வாத்தியார் தலைமையில் ஒரு குழு கூடி, கெஞ்சும் பொறுப்பை கூ ஷெங்கிடம் ஒப்படைத்தது. தலைவரோடு கழுதை ஓட்டி உப்பு கடத்தியவன். குரலும் கழுதைக்குச் சமமாக எடுக்கும்.

கூ ஷெங்குக்கு அரியணையைப் பற்றிக் கவலையில்லை. பழைய ஆட்சியில் உப்பு மூட்டையோடு பிடிபட்ட அவன் தம்பி, இன்னும் கோட்டைச் சிறையில்தான் கிடந்தான்.

சடங்கு தொடங்கியது.

"அண்ணே, நீங்கதான் எங்களை ஆளணும்!" என்று கூ ஷெங் காலில் விழுந்தான்.

"ஐயோ, எனக்கேதுப்பா அந்தத் தகுதி?" என்றார் தலைவர்.

விழுந்த வாக்கிலேயே கிசுகிசுத்தான்: "தம்பியை எப்பண்ணே விடுவீங்க?"

"முதல்ல அங்கியைப் போட்டுக்கறேன்டா."

இரண்டாவது முறை விழுந்தான். தலைவர் இன்னும் உருக்கமாக மறுத்தார். கூடி நின்ற படை முழுவதும் அழுதது.

"இப்பவாவது சொல்லுங்கண்ணே. அவன் என்ன தப்பு பண்ணான்? நாம பண்ணதுதானே?"

"அது அப்போடா. இப்ப உப்பு நம்மளுது. கடத்துறவனையெல்லாம் விட்டா வரி எவன் கட்டுவான்?"

கூ ஷெங் எழுந்தான். மூன்றாவது முறையும் விழுந்தான்.

"வேண்டாம்! வானம் என்னைத் தேர்ந்தெடுக்கலை! நான் கழுதை ஓட்டவே போறேன்!" என்று தலைவர் கதறினார். கைகளை மட்டும் அங்கிக்குத் தோதாக விரித்து வைத்திருந்தார்.

கடைசிக் கெஞ்சல்தான் பாக்கி. லூ வாத்தியார் கண்ணைக் காட்டினார்.

கூ ஷெங் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "கேட்டீங்களாப்பா? அண்ணன் மூணு தரம் சொல்லிட்டாரு. அவர் பேச்சை மீறலாமா? வாங்க, வீட்டுக்குப் போவோம்!"

நின்று நின்று கால் கடுத்துப்போன படைக்குத் தலைவரின் வாக்கில் அபாரமான மரியாதை பிறந்தது. மொத்தமாகக் கலைந்தது. போகிற வழியில் சிறையையும் திறந்துவிட்டார்கள். உள்ளே கிடந்த உப்புக் கடத்தல்காரர்களில் பாதிப்பேரைப் பழைய ஆட்சி பிடித்துப் போட்டிருந்தது. மீதிப்பேரைப் பிடித்துப் போட்டவர், பதவியே வேண்டாம் என்ற அந்தத் தியாகிதான்.