மரங்கொத்திக்கு ஒரு மலர்வளையம்

மாதக் கடைசி நாள், மாலை நாலு மணி. புகார்ப் பதிவேட்டில் நாலே நாலு புகார்தான் இருந்தது. ஐந்து வேண்டும்.

சர்வீஸ்காரர் மேசை மேலிருந்த ஃபோனை முறைத்துப் பார்த்தார். அது மசியவில்லை. வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கையில் லேப்டாப்பும் முகத்தில் கடுப்புமாக ஒருவரும் வரவில்லை. அப்படி வருகிறவர்களைக் கண்டால் ஒரு காலத்தில் பின்வாசல் வழியாக நழுவியவர்தான் இவர்.

அந்தக் கம்பெனியின் சரித்திரம் சர்வீஸ் சென்டர் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. முதலில் ரேடியோ செய்தார்கள். பிறகு கால்குலேட்டர். பிறகு துணிச்சல் முற்றிப்போய் லேப்டாப். நிறுவனர் பறவைப் பிரியர். அதனால் ஐந்து கிலோ எடையுள்ள முதல் மாடலுக்குச் ‘சிட்டு’ என்று பெயர் வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் இன்றைக்கும் ஒரு தோளைச் சாய்த்துத்தான் நடக்கிறார்கள். அடுத்து வந்த ‘கொக்கு’க்குக் கழுத்து நிற்காது. திரை தானாகவே சாய்ந்து படுத்துக்கொள்ளும். ‘மரங்கொத்தி’யில் ஒரு வரி தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து யாரென்று பார்ப்பார். கடைசி மாடலான ‘அன்னம்’ நிஜமாகவே நல்ல லேப்டாப். ஆனால் அது வந்து சேர்வதற்குள் வாங்குகிறவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வேறு கம்பெனிக்கு.

மூன்று வருடத்துக்கு முன்னால், குளிர்பெட்டி செய்யும் ஏதோ ஒரு பெரிய கம்பெனி இதை வாங்கியது. வாங்கியதை மறந்தும் போனது. போகிற போக்கில் ஒரே ஒரு கடிதம் மட்டும் போட்டிருந்தார்கள்: மாதத்துக்கு ஐந்து புகாருக்குக் கீழே போனால் சர்வீஸ் சென்டரும், தலைமை அலுவலகத்தில் அதைக் கவனிக்கும் பிரிவும் மூடப்படும்.

சென்டரில் ஆறு மேசை. ஆள் இவர் ஒருவர். வீட்டிலும் ஏறக்குறைய அதே கணக்குதான்: நாலு நாற்காலி, ஒரு ஆள். கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஒருத்தி தூரத்தில் இருக்கிறாள். பிறந்தநாளைக்கு ஃபோன் செய்வாள். இப்போதெல்லாம் அதற்கும் ஒரு கேக் படத்தை அனுப்பிவிடுகிறாள். சென்டரை மூடிவிட்டால் காலையில் எழுந்து சட்டை மாட்டுவதற்கு அவருக்குக் காரணமே இருக்காது.

நாலரை மணிக்கு அவர் பேனாவை எடுத்தார். ‘பெயர்: பேராசிரியர், ஓய்வு. மாடல்: மரங்கொத்தி. குறை: கொத்தவில்லை.’ முகவரிக்குத் தலைக்கு மேலே பூட்டிக் கிடந்த மாடியைப் போட்டார். ஃபோன் நம்பருக்குத் தன்னுடைய இரண்டாவது ஃபோனை.

மறுநாள் அந்த இரண்டாவது ஃபோன் அடித்தது. வாங்கியதிலிருந்து அது அடித்ததே இல்லை. அவர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார்.

"வணக்கம் சார். தலைமை அலுவலகத்துல வாடிக்கையாளர் கருத்துப் பிரிவுலேர்ந்து பேசறேன். பேராசிரியர் ஐயாங்களா?" மிருதுவான குரல்.

அவர் கனைத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு குரலை எடுத்தார். "ஆமாம்மா, பேராசிரியர்தான்."

"உங்க மரங்கொத்தி இப்போ எப்படி இருக்கு?"

"நல்லா கொத்துது."

மறுமுனையில் சிரிப்பு. "எங்க சர்வீஸ்காரர் மரியாதையா நடந்துக்கிட்டாருங்களா?"

"தங்கமான மனுஷன்மா. இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளா!"

"வேற ஏதாவது சொல்லணுமா சார்?"

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு வருடக்கணக்காகிறது. மரங்கொத்தியில் ஆரம்பித்தவர், ஒழுகும் குழாய், முழங்கால் வலி, தனியாளுக்குச் சமைத்தால் ஏன் எப்போதும் மிஞ்சுகிறது என்று இருபத்தைந்து நிமிடம் பேசினார். அவள் ‘ம்’ கொட்டிக் கேட்டாள். வைக்கும்போது, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார் பேராசிரியர். அன்று முழுக்க அவர் விசிலடித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் புகார் எட்டானது. தேவை ஐந்துதான். மிச்சம் ஆசைக்கு. ‘கொக்கு’ வைத்திருக்கும் ஒரு தையல்காரர் முளைத்தார். ‘சிட்டு’ வைத்திருக்கும் ஒரு பாட்டு டீச்சர் முளைத்தார். யாருக்கு எந்தக் குரல் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டார்.

கருத்துப் பிரிவும் சும்மா இல்லை. "ஐயா, ஒரு சந்தேகம். தையல்காரர், பாட்டு டீச்சர், நீங்க, மூணு பேருக்கும் ஒரே நம்பர் இருக்கே?"

"ஒரே மாடிம்மா. எல்லாருக்குமா சேர்த்து ஒரே ஃபோன்."

"அட! அப்போ தையல்காரர் இருந்தா கொஞ்சம் குடுங்களேன்."

அவர் ஃபோனைப் பிடித்தபடி அறையின் அந்தக் கோடிக்குச் செருப்புச் சத்தம் கேட்க நடந்தார். பீரோவைத் தட்டினார். "யோவ், உனக்குத்தான் ஃபோன்!" பிறகு வாயில் குண்டூசி இருப்பதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டு, "சொல்லும்மா, தையல்காரன் பேசறேன்" என்றார்.

"அந்த டீச்சரம்மாவும் பக்கத்துலதான் இருக்காங்களா?"

டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் எப்போது பேசினாலும். கிசுகிசு என்றுதான் பேசுவார்.

"மிளகு போட்டுப் பால் குடிங்க டீச்சர்" என்றாள் கருத்துப் பிரிவுப் பெண், நிஜமான கவலையோடு. சர்வீஸ்காரர் அன்று வீட்டுக்குப் போய் மிளகு போட்டுப் பால் குடித்தார்.

பிறகுதான் வந்தது வினை. மேசை ஃபோன் அடித்தது. கரகரத்த குரல்.

"மேனேஜர் பேசறேன். கம்பெனி ஐம்பதாம் வருஷத்துக்குச் சரித்திரப் புத்தகம் போடறோம். ஒரே மாடியில நம்ம மாடல் மூணு ஓடுதாமே? அட்டைப் படமே அதுதான். திங்கக்கிழமை கருத்துப் பிரிவுப் பொண்ணு நேர்லயே வர்றா."

"மேடம், மாடியில படிக்கட்டு கொஞ்சம் ஆடுது…"

"அவ மெதுவா ஏறுவா."

பத்து நிமிடம் யோசித்துவிட்டுத் திரும்பத் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். வரவேற்பில் ஒரு கீச்சுக்குரல் எடுத்தது. "சார், மேனேஜர் மீட்டிங்ல இருக்காங்க. கருத்துப் பிரிவு வேற லைன்ல. இங்க ஒரே பரபரப்பு சார்!"

அவருக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே எத்தனை பேர், எவ்வளவு கலகலப்பு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். இங்கே மூன்று பேரையும் இவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமையைத் தடுக்க ஒரே வழிதான் தோன்றியது. துக்க வீட்டில் படம் எடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை, உதட்டை இறுக்கிக்கொண்டு தையல்காரராகக் கருத்துப் பிரிவுக்கு ஃபோன் செய்தார்.

"பேராசிரியர் போயிட்டாரும்மா."

"எப்போ?"

"இன்னிக்குக் காலையில. தூக்கத்துலயே."

நோய், நேரம், டாக்டர் சொன்னது எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவைத்திருந்தார். அவள் அது எதையும் கேட்கவில்லை.

"பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"இருந்தோம்மா. நாங்க எல்லாருமே இருந்தோம்."

"அது போதும் சார்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நான் சாப்பிட்டேனான்னு கேட்ட ஒரே மனுஷர் அவர்தான்."

ஃபோனை வைத்துவிட்டு சர்வீஸ்காரர் அழுதார். செத்தவரும் அவர், அழுகிறவரும் அவர். இதைவிடத் தனிமையான சாவு உலகத்தில் இருக்க முடியாது என்று தோன்றியது. அதைவிடக் கொடுமை, இனிமேல் பேராசிரியருக்கு அவள் ஃபோன் செய்ய மாட்டாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. மலர்வளையம் வந்தது. கதவளவு பெரிய வளையம். கூரியர்காரர் அதைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே நுழைக்க முடிந்தது.

"மாடி பூட்டியிருக்கு சார். பேராசிரியர் வீட்டுக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

வளையத்தில் ஓர் அட்டை தொங்கியது. ‘ஆழ்ந்த இரங்கல்’. கீழே மூன்று கையெழுத்து. மேனேஜர் பச்சை மையில், கருத்துப் பிரிவு நீலத்தில், வரவேற்பு சிவப்பில். எங்கேயோ இருக்கும் மூன்று பேர் வேலையைப் போட்டுவிட்டு, இல்லாத ஒரு மனிதருக்காக வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சர்வீஸ்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"யாரும் சாகலைங்க" என்றார்.

கூரியர்காரர் வளையத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"பேராசிரியர்னு ஒருத்தர் இல்லவே இல்ல. நான்தான் பேராசிரியர். தையல்காரரும் நான்தான். பாட்டு டீச்சரும்…"

"டீச்சருமா?"

"தொண்டை கட்டின டீச்சர்."

கூரியர்காரர் ரசீதை நீட்டினார். "அது உங்க விஷயம் சார். இத வாங்கிக்கிட்டு யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

சர்வீஸ்காரர் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்தார். போகட்டும், மூடட்டும். வேலை போனால் போகிறது. அழவைத்த பாவத்தை மட்டும் சுமக்க முடியாது. ‘மன்னிக்கவும்’ என்று எழுதி, அடுத்த வார்த்தை ஓடாமல் நிமிர்ந்தார்.

"நீங்கதான் தலைமை அலுவலகத்துக்குப் போய் இதை எடுத்துட்டு வந்தீங்களா?"

"ஆமா சார், நானேதான்."

"இந்தக் கடிதாசியையும் கொண்டுபோய்க் குடுத்துடுங்க. மூணு பேருக்கும் தனித்தனியா எழுதிடறேன், ஆளுக்கு ஒரு மன்னிப்பு கேக்கணும். மேனேஜர் ரொம்பக் கோபக்காரங்களா? இவ்வளவு பேர் முன்னாடி என் மானம் கப்பலேறப் போகுது."

கூரியர்காரர் தலையைச் சொறிந்தார்.

"எந்த மூணு பேரைச் சொல்றீங்க? அந்தக் காலிக் கட்டடத்துல ஒரே ஒரு அம்மாதான் சார் அழுதுகிட்டு உக்காந்திருந்தாங்க. பச்சையிலயும் நீலத்துலயும் போட்டுட்டு, சிவப்புக்கு என் பேனாவை வாங்கி, மூணு கையெழுத்தும் அவங்களேதான் போட்டாங்க."