நிற்கச் சொன்னால் ஓடிய மோட்டார்

தை பதினாறு, காலை ஆறு மணி பத்து நிமிடம், நல்ல மூடுபனி. பாகூர் வீட்டில் காபியோடு உட்கார்ந்தபடி, நான்கு கிலோமீட்டர் தள்ளி சோரியாங்குப்பத்தில் இருக்கும் என் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். போனில்தான்.

ஊரில் எல்லோரும் கடையில் விற்கும் மொபைல் ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். நான் வாங்குவேனா? பதினெட்டு வருடம் வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் சிப்புக்கு புரோகிராம் எழுதியவன். அதற்கப்புறம் பதினான்கு வருடம் சென்னையில் சர்வர் வேலை பார்த்தவன். (ஓய்வு பெற்றவன் கையில் சால்டரிங் கம்பி இருப்பது குடும்பத்துக்கு ஆபத்து.) நானே செய்தேன்.

மோட்டாரில் மாட்டிய பெட்டி என் முதல் பதினெட்டு வருடத்தின் பிள்ளை. ஒரே கட்டளைதான்: ஓடினால் நிற்கும், நின்றால் ஓடும். போனுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த சர்வர் அடுத்த பதினான்கு வருடத்தின் பிள்ளை. அதன் பழக்கம் வேறு: பதில் வராவிட்டால் அதே கட்டளையை மறுபடி அனுப்பும். தனித்தனியே இரண்டும் உத்தமர்கள். சேர்த்துவைத்தவன் நான்.

ஆறே முக்காலுக்கு நிறுத்தச் சொன்னேன். மோட்டார் நின்றது. ஆனால் அங்கே சிக்னல் மோசம். நின்ற செய்தி சர்வருக்கு வந்து சேரவில்லை. அது கடமை தவறாமல் மறுபடி அனுப்பியது. மோட்டார் ஓடியது. நான் அழுத்த அழுத்த, சர்வர் ஒவ்வொன்றையும் இரண்டாக்கியது. கடைசியில் போன் 'ஓடுகிறது' என்பதிலேயே உறைந்துவிட்டது.

என் பயம் கரும்பைப் பற்றியது அல்ல. என் வயலுக்குக் கீழே ஏழுமலையின் நெல், முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. எட்டு மணிக்கு அறுப்பு மெஷின். தண்ணீர் வரப்பைத் தாண்டி இறங்கினால் மெஷின் சேற்றில் புதையும். மறுபடி அது கிடைப்பதற்குள் சாய்ந்த கதிர் முளைத்துவிடும். மோட்டார் கொட்டகைச் சாவியோ என் சட்டைப்பையில். ஏழுமலை போனை எடுக்கவில்லை.

மனைவி சரோஜாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தேன். வழியெல்லாம் நஷ்டஈட்டைக் கூட்டினேன். பாதி தூரத்தில் கரும்பை விற்றிருந்தேன். ஊர் எல்லையில் ஸ்கூட்டரையும்.

ஏழுமலை மெஷின்காரரோடு வரப்பில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், அம்மாவையும் இட்டுகினு இம்மாம் வேகமா வர்றீங்க?"

தண்ணீர் என்றேன். அவன் வயலைக் கை காட்டினேன்.

"எந்தத் தண்ணி? உங்க மோட்டாரு நாலு தபா விக்கிச்சு. அப்பால அடங்கிப் பூடுச்சு."

குனிந்து அவன் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். வெடித்துக் கிடந்தது. எந்தச் சம்பள உயர்வும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை. கொட்டகையைத் திறந்தால், ஓடி நின்று ஓடி நின்று மூன்று பீஸ் கம்பியும் கருகியிருந்தன. போன் அப்போதும் 'ஓடுகிறது' என்றது. கடைசியாக வந்து சேர்ந்த செய்தியைக் காட்டத்தான் அதற்குத் தெரியும். மோட்டாரைப் பார்க்க நான் சொல்லித்தரவில்லை.

அன்றிலிருந்து சரோஜா என்னைச் சாப்பிட ஒரு முறைதான் கூப்பிடுகிறாள். கேட்டால், "ரெண்டாந்தபா கூப்ட்டா நின்னு பூடுவீங்க" என்கிறாள். பேத்தியும் அதையே சொல்கிறாள்.

பீஸ் கம்பி, மெஷின்காரருக்கு டீ, வடை, பிறகு கடையில் வாங்கி மாட்டிய மொபைல் ஸ்டார்ட்டர்: மொத்தம் நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய்.